எந்தக் குரலில் எடுப்பது

பல்லாவரம் தாண்டி வண்டி வேகம் பிடித்தபோதுதான் மடியிலிருந்த கைப்பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது. கடையிலிருந்துதான் கூப்பிடுகிறார்கள், நேற்று சாயங்காலம் லென்ஸ் பொருத்தாமல் விட்டுவந்த அந்த மூன்று மூக்குக்கண்ணாடிகளைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டே சுகந்தி பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். திரையில் அம்மா என்று இருந்தது. அந்த மூன்று எழுத்தை அந்தத் திரையில் பார்த்து இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. அவள் ஜிப்பை மூடினாள். மூடிவிட்டுப் பையின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே உயிருள்ளது ஏதோ மாட்டிக்கொண்டு துடிக்கிற மாதிரி அதிர்வு தொடைவரைக்கும் வந்தது. எடுக்க வேண்டும், எடுக்க முடியாது, எடுத்தால் பேச வேண்டும், பேசினால் எந்தக் குரலில் பேசுவது. சாத்தூரில் இருபத்திமூன்று வருஷம் அந்த வீட்டின் சின்ன மகனாக இருந்தவளை அம்மா ஒரு குரலில்தான் கேட்டிருக்கிறாள். இந்த லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அந்தக் குரல் கேட்கவே கூடாது, அவர்களுக்கு வேறொரு குரல் இருக்கிறது. இரண்டும் ஒரே தொண்டையில்தான் கிடக்கின்றன. இந்தக் குரலில் எடுத்தால் அம்மா யாரோ என்று வைத்துவிடுவாள், அந்தக் குரலில் எடுத்தால் இந்தப் பெட்டி முழுக்கத் திரும்பும். திரிசூலம் வருவதற்குள் அதிர்வு நின்றுபோயிற்று. நின்றால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், இல்லை. அம்மா ஏன் கூப்பிட்டாள் என்கிற கேள்வி அப்போதுதான் வந்தது.

இறங்கிவிட்டால் என்ன. பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய், ஆள் இல்லாத இடத்தில், மலையைப் பார்த்து நின்றுகொண்டு பேசிவிடலாம். பழைய குரலில் நாலு வார்த்தை, அம்மா, நான்தான், சொல்லு. ஆனால் திரும்பக் கூப்பிட முடியாது, அதுதான் சிக்கல். நம்பர் அம்மாவுடையது, போன் அண்ணன் கையில் இருக்கும். அண்ணன் சோலைராஜ் கடைசியாகப் பேசிய அன்றைக்கு, இந்த நம்பருக்கு உன் சத்தம் வந்துச்சுன்னா அம்மாவுக்குப் போனே கிடையாது, பாத்துக்க, என்றான். உன் போன் வந்தால் என்று சொல்லவில்லை, உன் சத்தம் என்றான். அந்த வார்த்தை எத்தனையோ நாள் குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது காதில் வந்து போயிருக்கிறது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மெசேஜ் அனுப்பினால் அண்ணன்தான் படிப்பான். அம்மாவுக்கு எண்கள் மட்டும் தெரியும், பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. பத்து எண்ணையும் மனப்பாடமாக வைத்திருந்து, அண்ணன் போனை மறந்து வைத்துவிட்டு வெளியே போன நேரம் பார்த்து, ஒவ்வொன்றாக அழுத்தியிருக்கிறாள். அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருப்பாளா, வாசல்படியில் உட்கார்ந்திருப்பாளா. இன்னும் எவ்வளவு நேரம் அவளுக்கு இருக்கிறது. திரிசூலத்தில் வண்டி நின்று, ஏறுகிறவர்கள் ஏறி, கிளம்பிவிட்டது. சுகந்தி இறங்கவில்லை. சரியாக முடிவு செய்யத் தெரியாதபோதெல்லாம் அவள் உடம்பு இப்படித்தான், இருந்த இடத்தில் இருந்துகொள்ளும்.

இந்தக் குரல் அவளுக்குத் தானாக வந்ததல்ல, அவள் செய்துகொண்டது. குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கிற அறையில், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறைந்து வழிய, போனில் பேசிப் பதிவு செய்து, கேட்டு, அழித்து, மறுபடி பேசி, ஒன்றரை வருஷம். எச்சில் விழுங்கும்போது தொண்டையில் ஒன்று மேலே ஏறி இறங்குகிறதே, அதை ஏறின இடத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும், நிறுத்திக்கொண்டே பேச வேண்டும். முதலில் வெறும் முனகல், அப்புறம் ஒரே ஒரு எழுத்து, அப்புறம் கடையில் கேட்கிற மாதிரி, பால் பாக்கெட் ஒண்ணு. மெல்லிசாகப் பேசினால் போதும் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தாள். போதாது. மெல்லிசாகப் பேசுகிற ஆண் குரலுக்குத்தான் ஜனங்கள் இன்னும் சீக்கிரம் திரும்புகிறார்கள். சத்தம் நெஞ்சிலிருந்து எழும்பக் கூடாது, பல்லுக்குப் பின்னால் எங்கேயோ பிறந்து அங்கிருந்தே வெளியே போக வேண்டும். பெண்கள் எந்த இடத்தில் இழுக்கிறார்கள், எந்த வார்த்தையை முடிக்காமல் விடுகிறார்கள் என்று காய்கறிக் கடையில் ஒரு கிலோ தக்காளிக்கு அரை மணி நேரம் நின்று கேட்டாள். பேச்சு ஒருவழியாக வந்துவிட்டது. பேச்சைத் தவிர மற்றதெல்லாம்தான் பயம். சிரிப்பு, தும்மல், கொட்டாவி, கால் இடறினால் வருகிற ஆ, தூங்கி எழுந்ததும் வருகிற முதல் வார்த்தை. கேட்காமல் வருகிறவை எல்லாமே பழைய இடத்திலிருந்துதான் வருகின்றன. அதிலும் மூன்று நாளாக அவளுக்குச் சளி. இன்று காலை எழுந்து ம் என்று சொல்லிப் பார்த்தபோது கீழே, ரொம்பக் கீழே, கரகரத்தது. உப்புப் போட்டு வெந்நீரில் கொப்பளித்து, துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, இன்றைக்கு யாரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தீர்மானித்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினாள். கடையில் பின்பக்க அறையில்தான் வேலை, வாயைத் திறக்காமல் சாயங்காலம் வரை ஓட்டிவிடலாம். சீசன் டிக்கெட் இருக்கிறது, கவுண்டரில் பேச வேண்டியதில்லை. எல்லாவற்றையும் யோசித்திருந்தாள், அம்மாவை யோசிக்கவில்லை.

மீனம்பாக்கம். இருமல் வருகிற மாதிரி இருந்தது, விழுங்கிக்கொண்டாள். இருமல் என்றால் அவளுக்கு ஆடி மாதத்து அந்தக் காலை ஞாபகம் வந்துவிடும், வரக்கூடாது என்று நினைத்தால் இன்னும் முழுசாக வரும். இதே போல ஒரு லேடீஸ் பெட்டி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்குப் புகையோ தூசியோ தொண்டையில் சிக்கி ஒரு இருமல் வந்தது, ஒரே ஒரு இருமல், தகரத்தில் கல் விழுந்த மாதிரி. பக்கத்தில் இருந்தவள் முதலில் பார்த்தாள், அவள் பார்த்ததைப் பார்த்து இன்னொருத்தி பார்த்தாள், அப்புறம் யாரோ, ஆம்பளையா நீ, என்று கேட்டார்கள். அதோடு விட்டிருந்தால் எழுந்து போயிருப்பாள். அவள் பதில் சொன்னாள். நான் பொம்பளதாங்க என்று சொன்னாள். பதட்டத்தில் அது நெஞ்சிலிருந்து வந்துவிட்டது, பழைய குரலில், கனமாக. நான் பொம்பளதாங்க. பெட்டி மொத்தமும் சிரித்தது. ஒரு பெண் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். சைதாப்பேட்டையில் இறங்கி நுங்கம்பாக்கத்துக் கடை வரைக்கும் பஸ்ஸில்கூட ஏறாமல் வெயிலில் நடந்து போனாள். அடித்திருந்தால் மறந்திருக்கும். தன் வாயிலிருந்தே அது வந்ததுதான் மறக்கவில்லை. அதன் பிறகு அந்த நேரத்து வண்டியில் ஏறுவதில்லை. இந்தப் பத்து மணி வண்டிக்கு மாறிக்கொண்டாள், கூட்டம் குறைவு, தெரிந்த முகம் சேராது. ஆனாலும் இன்றைக்கு எதிர் சீட்டில் கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒருத்தி, நீலச் சேலை யூனிபார்ம், நாற்பது வயது இருக்கும், போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இடையிடையே கண்ணைத் தூக்கிச் சுகந்தியின் கையைப் பார்க்கிறாள். கை பெரிதாக இருக்கிறது என்று பார்க்கிறாளா, வளையல் நன்றாக இருக்கிறது என்று பார்க்கிறாளா. சுகந்தி கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள். உடனே, ஏன் மறைக்கிறாள் என்று நினைப்பாளோ என்று தோன்றி வெளியே எடுத்தாள்.

பழவந்தாங்கலை விட்டுக் கிளம்பும்போது இரண்டாம் தடவை அடித்தது. இந்த முறை அவள் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் கேரி பேக்கை விரித்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாளுக்கும் அதிர்வு கேட்டுவிட்டது. “ஏம்மா, உன் போனுதான் அடிக்குது. எடுத்துப் பேசேன்” என்றாள் அந்த அம்மாள், நகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். சுகந்தி தலையை ஆட்டிப் புன்னகை மாதிரி ஒன்றைச் செய்தாள். வார்த்தை சொல்லவில்லை. “கடன்காரனா?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மாளே சிரித்துக்கொண்டாள். அதற்குள் நின்றுவிட்டது. அம்மாவே, இன்னொரு தடவை அடிக்காதே. அம்மாவே, இன்னொரு தடவை அடி. இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்தாள். பழைய குரல் இருக்கிறதா என்று வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பில் அது உடைந்து இறங்கியது. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அம்மா, கதவத் தொற, என்று கூப்பிட்டபோது அம்மா கதவைத் திறந்து அப்படியே நின்றுவிட்டாள். அப்பா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. திடுக்குன்னு ஆயிப்போச்சுய்யா, ஒங்கப்பாவே வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு, என்றாள். அண்ணனுக்கு அந்தக் குரல் வரவில்லை, அவனுக்குக் கீச்சுக் குரல். அப்பாவின் குரல் சின்னவனுக்குத்தான் வந்தது. அதற்கப்புறம் அம்மா அடுப்பங்கரையில் இருந்துகொண்டு, என்னய்யா சொன்ன, கேக்கல, திரும்பச் சொல்லு, என்பாள். கேட்டிருக்கும். நன்றாகக் கேட்டிருக்கும். இன்னொரு தடவை கேட்பதற்காகக் கேட்காத மாதிரி இருப்பாள். அந்தக் குரலைத்தான் இவள் ஒன்றரை வருஷம் குளியலறைத் தண்ணீரோடு சேர்த்து ஊற்றிவிட்டாள். தன்னுடையது என்று நினைத்து ஊற்றினாள். அம்மாவுக்கும் அதில் பங்கு இருந்தது என்று நினைக்கவில்லை, அல்லது நினைத்துவிட்டு, நினைக்காத மாதிரி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

கிண்டியில் பாதிப் பேர் இறங்கி அதற்கு மேல் ஏறினார்கள். கதவோரம் காதில் பாட்டு மாட்டின காலேஜ் பெண் ஒருத்தி வந்து நின்றாள். வண்டி கிளம்பியதும் மூன்றாம் தடவை அடித்தது. பூண்டு உரிக்கிற அம்மாள் இந்தத் தடவை நிமிர்ந்தே பார்த்தாள். “மூணு வாட்டி கூப்பிடுறாங்கன்னா எதுனா அவசரமா இருக்கும்மா” என்றாள். சும்மா சொன்னதுதான். ஆனால் அவசரம் என்ற வார்த்தை சுகந்திக்குள் போய் எதையோ தட்டிவிட்டது. கை தானாகப் பையைத் திறந்தது, விரல் பச்சையைத் தள்ளியது, தள்ளிய பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம், பின்னால் எங்கேயோ மிக்சி ஓடுகிற சத்தம், பக்கத்து வீட்டு மிக்சியாக இருக்கும். எச்சிலை விழுங்கினாள், ஏறியதை ஏறின இடத்தில் நிறுத்தினாள், “அலோ” என்றாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாகப் போய்விட்டது, ஆனால் உடையவில்லை. எதிர் சீட்டுக்காரி கண்ணைத் தூக்கவில்லை. “அலோ, யாரு பேசுறது?” என்றாள் அம்மா. அவ்வளவு பக்கத்தில். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அம்மாவின் குரல் அவ்வளவு பக்கத்தில், அதே இழுவையோடு, சற்றே மூச்சு வாங்கிக்கொண்டு. “தம்பி நம்பருதான இது? தம்பி இல்லையா?” சுகந்தி வாயைத் திறந்தாள். நான்தான் என்று ஒரு வார்த்தை. அது போதும். ஆனால் இந்தக் குரலில் நான்தான் என்று சொன்னால் அம்மா என்ன ஆவாள், அடுத்த நிமிஷம் அழுவாளா, வைப்பாளா, அண்ணனைக் கூப்பிடுவாளா. பூண்டு உரிக்கிற அம்மாள் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். “இல்லைங்க” என்றாள் சுகந்தி. “வெளிய போயிருக்காங்க.” தன்னைப் பற்றித்தான் சொன்னாள். சொன்ன பிறகு யாரோ ஒரு பையன் செருப்பை மாட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே போவது நிஜமாகவே கண்ணுக்குத் தெரிந்தது.

“நீ யாரும்மா?” என்று அம்மா கேட்டாள். “கூட… கூட இருக்கேங்க” என்றாள். பிறகு, “அப்பிடியா” என்றாள் அம்மா, அதில் ஒரு சந்தோஷம் தலையை நீட்டியது. ஐயோ, கல்யாணம் கட்டிக்கொண்டான் என்று நினைக்கிறாள். அண்ணன் சொன்னதெல்லாம் பொய், சேலை கட்டி நிற்கிற போட்டோ என்று காட்டினதெல்லாம் பொய், பிள்ளை பட்டணத்தில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று நினைக்கிறாள். இல்லாத மருமகளை ஒரு நொடியில் அவளுக்குக் கொடுத்துவிட்டோமே, இனி எப்படித் திரும்ப வாங்குவது. “நல்லாச் சாப்பிடுறானா?” “சாப்பிடுறாங்க.” “அவனுக்குக் கத்திரிக்கா ஆகாதும்மா, ஒடம்பெல்லாம் தடிச்சிரும். சொல்ல மாட்டான், போட்டதத் திம்பான்.” “தெரியும்ங்க.” பக்கத்து அம்மாள் முகத்தில் விஷயம் புரிந்துவிட்ட திருப்தி. “மாமியாரா?” என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் கேட்டாள். சுகந்தி தலையாட்டினாள். ஒரு பொய்யை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தாள், எந்தப் பக்கம் கை நழுவினாலும் அவ்வளவுதான். சைதாப்பேட்டை வந்து போயிற்று. அம்மா குரலைத் தாழ்த்தினாள். “அவன் இல்லாததும் நல்லதுதான். ஒன்கிட்டன்னா சொல்லலாம், ஆம்பளப் பயகிட்ட எப்பிடிச் சொல்ல. ஆறு மாசமா எனக்கு ரத்தப்போக்கு நிக்கலம்மா. இந்த வயசுல. துணி மாத்தி மாத்தி மாளல. வெளிய சொல்லல, வயித்து வலின்னு மட்டும் பெரியவன்கிட்டச் சொன்னேன். போன வாரம் மதுரையில ஸ்கேன் எடுத்தாக. கட்டியாம். கர்ப்பப்பையவே எடுத்துரணும்னு சொல்றாக, வர்ற புதன்கிழமை. டாக்டரம்மா அத பெரியவன்கிட்டயும் சொல்லிட்டாக. அன்னைலயிருந்து நானும் அவனும் மூஞ்சி பாத்துப் பேசிக்கிறதில்ல, வெக்கமா இருக்கு.” சுகந்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். கட்டி என்ற இடத்திலேயே அவளுக்கு மனசு நின்றுவிட்டது. என்ன கட்டி. எந்த மாதிரிக் கட்டி. ஆறு மாதமாக, தனியாக, அந்த ஓட்டு வீட்டுக் குளியலறையில், துணியை அலசிக்கொண்டு. தொண்டையில் நிறுத்தி வைத்திருந்தது கழன்று விழுந்தது. “என்னம்மா சொல்ற?” என்றாள்.

நெஞ்சிலிருந்து வந்தது. சளியும் சேர்ந்து, கனமாக, சாத்தூர் வாசலில் நின்று கதவத் தொற என்று சொன்ன அதே சத்தம். சொல்றீங்க என்று சொல்லவில்லை, சொல்ற. பூண்டு உரிக்கிற நகம் நின்றது. எதிர் சீட்டுக்காரியின் கண் மேலே வந்து, கையில் இல்லை, கழுத்தில் இல்லை, நேரே வாயில் நின்றது. கதவோரத்துக் காலேஜ் பெண் ஒரு காதிலிருந்து பாட்டை எடுத்தாள். போச்சு. ஆடி மாதம் திரும்ப வந்துவிட்டது. இப்போது யாராவது கேட்பார்கள், இப்போது யாராவது போனைத் தூக்குவார்கள். இறங்க வேண்டிய இடம் இன்னும் மூன்று ஸ்டேஷன், இல்லை, மாம்பலம் வருகிறது, இறங்கிவிடு, இப்போதே எழு. கால் எழவில்லை. காதில் அம்மாவின் பக்கமும் சத்தமில்லை. மிக்சிகூட நின்றுவிட்டது. வைத்துவிட்டாளா என்று திரையைப் பார்த்தாள், வினாடி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கேட்டுவிட்டாள். இரண்டு வருஷமாகக் கேட்காத குரலைக் கேட்டுவிட்டாள். அடுத்து, யாரு, தம்பியா, நீதானா அது, இவ்வளவு நேரமா என்னடா நாடகம், என்பாள். சுகந்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அதற்குக் காத்திருந்தாள். பக்கத்து அம்மாள் மடியிலிருந்த கேரி பேக்கை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள், கொஞ்சம் நகர்ந்தாள், ஒரு சாண் இருக்கும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது கேட்பதைவிட மோசமாக இருந்தது. மாம்பலத்தில் கூட்டம் திபுதிபுவென்று ஏறியது, அந்த ஒரு சாண் இடத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“பயப்படாத” என்றாள் அம்மா. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. “சாதாரண ஆபரேசன்தானாம். ஊருல ரெண்டு மூணு பேரு எடுத்திருக்காக, நல்லாத்தான் இருக்காக.” சுகந்தி ம் என்றுகூடச் சொல்லவில்லை, ம் எந்தப் பக்கம் விழும் என்று பயம். “பொம்பள வார்டுல போடுவாகளாம். அஞ்சு நாளு. கூட இருக்கிறதுக்குப் பொம்பள ஆளுதான் வேணும்னு சொல்லிப்புட்டாக, ஆம்பளய விட மாட்டாகளாம். பெரியவன் பொண்டாட்டி முனீசு மாசமா இருக்கா, அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அக்கம்பக்கத்துல கேக்க எனக்கு மனசு வரல.” அம்மா மூச்சு வாங்கினாள். “பொம்பள ஆளு வேணும்னாக. அதான் இந்த நம்பருக்குப் போட்டேன்.” வண்டி கோடம்பாக்கத்தை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. சுகந்தி அந்த வாக்கியத்தை மறுபடி கேட்டாள், மனசுக்குள். மருமகள் ஒருத்தி இருக்கிறாள் என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தானே அம்மாவுக்குத் தெரியும். மூன்று தடவை அடித்தது அதற்கு முன்னால். பொம்பள ஆள் வேண்டும் என்று யாரைக் கூப்பிட்டாள். பத்து எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தும்போது யாரை நினைத்து அழுத்தினாள். தப்பாகப் புரிந்துகொள்கிறேனோ, வாய் தவறிச் சொல்லியிருப்பாளோ, வயசாகிவிட்டது, வலி வேறு. ஒரு பக்கம் அப்படி ஓடும்போதே இன்னொரு பக்கம் வார்டு வந்துவிட்டது. இருபது கட்டில், இருபது நோயாளி, இருபது துணையாள், எல்லாரும் பெண்கள், ஐந்து நாள், ராத்திரி பகல். தூங்கி எழுந்ததும் வருகிற முதல் வார்த்தை. நர்ஸ் வந்து, பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும், என்பாள். ஆதார் அட்டையில் என்ன பேர் என்பாள். வாசலில் அண்ணன் நிற்பான். இங்கே அரை மணி நேரத்துக்கு ஒரு குரலைத் தாங்க முடியவில்லை, அங்கே ஐந்து நாள். “நீ வர முடியுமா?” என்றாள் அம்மா. “நெறய பேரு இருப்பாக. கேள்வி கேப்பாக. முடியலன்னா சொல்லிரு, நான் பாத்துக்கிறேன்.” ஏறியதை ஏறின இடத்தில் நிறுத்த முயன்றாள், நிற்கவில்லை, மறுபடி விழுங்கினாள், நின்றது. “வாரேன்” என்றாள். சின்னக் குரல்தான். ஆனால் சென்னைக்கு வந்து பழகிய வர்றேங்க வரவில்லை, ஊர் வாரேன்தான் வந்தது. “ஒங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்றாள் அம்மா.

நுங்கம்பாக்கம் வருகிறது என்று வேகம் குறைந்தது. ஒங்க அண்ணன். அதை எடுத்துப் பார்க்க நேரமில்லை, எழுந்திருக்க வேண்டும். போனைக் காதை விட்டு எடுக்காமல் எழுந்தாள். எதிர் சீட்டு நீலச் சேலைக்காரியும் எழுந்து அவளுக்கு முன்னால் போய்க் கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இறங்குகிற மாதிரி இல்லை, அடுத்த ஸ்டேஷனுக்கு நிற்கிறாள் போல. அவள் உடம்பு வழியை அடைத்திருந்தது. அந்தப் பக்கம் மாம்பலத்தில் ஏறினவர்களின் மூட்டை. இந்தப் பக்கம் காலேஜ் பெண். வண்டி நின்றது. அரை நிமிஷம்கூட நிற்காது. நீலச் சேலைக்காரி திரும்பி அவளைப் பார்த்தாள், நகரவில்லை. கேட்கட்டும் என்று காத்திருக்கிற பார்வை. இன்னொரு தடவை வாயைத் திற, பார்க்கலாம் என்கிற பார்வை, அல்லது அப்படி ஒன்றும் இல்லை, வெறும் பார்வை. பேசாமல் இடித்துக்கொண்டு இறங்கலாம். இடித்தால் அதுவே காரணமாகிவிடும். பேசினால். காதுக்குள் அம்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். “அக்கா” என்றாள் சுகந்தி. ஓரத்தில் கொஞ்சம் கரகரத்தது, பல்லுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டாள். “கொஞ்சம் வழி விடுங்கக்கா, இறங்கணும்.” நீலச் சேலைக்காரி அவள் முகத்தையும் கழுத்துத் துப்பட்டாவையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து, ஒரு காலைப் பின்னால் வைத்தாள். அந்த இடைவெளியில் நுழைந்து இறங்கினாள். பிளாட்பாரத்தில் கால் பட்டதும் சிமெண்ட் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“யாருகிட்டப் பேசுன?” என்றாள் அம்மா. “ரயில்ல ஒரு அக்காகிட்ட.” “வழி விட்டாகளா?” “விட்டாங்கம்மா.” அம்மா எதையோ யோசிக்கிற மாதிரி இருந்தது. “புதன்கெழம வெள்ளன மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வந்துரு. நீ யாருன்னு கேட்டா நான் சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்க வேண்டாம். தொறந்தா, இப்ப அந்த அக்காகிட்டப் பேசுனியே, அந்த மாதிரிப் பேசு. என்ன?” போனில் தெரியாது என்பதை மறந்து சுகந்தி தலையை ஆட்டினாள். “பெரியவன் வண்டிச் சத்தம் கேக்குது, வைக்கிறேன்” என்றாள் அம்மா, வைத்துவிட்டாள். ரயில் கிளம்பி ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து போனது. இன்றைக்குச் சனிக்கிழமை. நடுவில் மூன்று நாள்தான் இருந்தது.